கூலன்ட் குறைந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: காரின் கூலிங் சிஸ்டத்தை வீட்டிலேயே பராமரிப்பது

பெட்ரோல் குறையும். என்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் குறையலாம். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறையக் கூடாது. அது எரிவதில்லை, என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு மூடிய பாதையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். மாதாமாதம் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது, இல்லாவிட்டால் என்ஜின் அதைக் குடிக்கிறது. பாட்டிலில் தண்ணீரை நிரப்பி மூடிவிட்டு, "இந்த வண்டி அப்படித்தான்" என்று ஓட்டுபவர்களுக்குத்தான் ஒருநாள் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) செலவு வந்து நிற்கிறது. எங்கே போகிறது என்று முதல் தடவையே தேடியிருந்தால் பெரும்பாலும் ஒரு கிளிப்போடோ ஒரு மூடியோடோ முடிந்திருக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் வழக்கமான பெட்ரோல், டீசல் கார்களுக்கு. எலெக்ட்ரிக், ஹைபிரிட் வண்டிகளில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் போகும் கூலன்ட் வேறு கதை. அதில் வீட்டில் கைவைக்க வேண்டாம்.

சூடான மூடியைத் தொடாதீர்கள்

ஓடி நின்ற வண்டியில் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் இருக்கலாம். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் அது கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் விழும், உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்கும் சூடாக இருக்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று அமுங்கவும் வேண்டும். அப்படி இல்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் தடித்த துணியைப் போட்டு, முதல் படி வரை மட்டும் திருப்பி, "உஸ்" சத்தம் அடங்கியதும் முழுதாகத் திறப்பதுதான் நல்லது.

இன்னொன்று: பல கார்களில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். ஃபேன் பக்கம் விரல் போக வேண்டிய வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பாட்டில் சொல்வதும் சொல்லாததும்

இரண்டு அமைப்புகள் உண்டு. மாருதி, ஹோண்டா, டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அழுத்தம் தாங்கும் மூடி ரேடியேட்டரின் தலையிலேயே இருக்கும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் வெறும் சேமிப்புதான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் பாட்டிலே அழுத்தத்தில் இருக்கும், திருகு மூடி அதன் மேல் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும்போது பாட்டிலின் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் அமைப்பில் இது போதாது. என்ஜின் சூடாகும்போது ரேடியேட்டரிலிருந்து கூலன்ட் பாட்டிலுக்குப் போகும். ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படும். பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாய் எங்காவது விரிசல் விட்டிருந்தால் உறிஞ்சும்போது காற்றுதான் உள்ளே போகும். பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை, குளிர்ந்த என்ஜினில், ரேடியேட்டர் மூடியையே திறந்து கழுத்து வரை நிற்கிறதா என்று பாருங்கள்.

திறக்கும்போது நிறத்தையும் பாருங்கள். துருப் பழுப்பு என்றால் வெறும் தண்ணீர் பல காலம் ஓடியிருக்கிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உப்புத் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ பால் கலந்த காபி போல இருந்தாலோ ஆயிலும் கூலன்டும் எங்கோ கலக்கின்றன; அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எந்தத் தண்ணீர், எவ்வளவு கூலன்ட்

நம் ஊரில் கூலிங் சிஸ்டத்தைக் கெடுப்பதில் வெயிலை விடப் போர் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம். கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, என்ஜினில் மிகச் சூடான இடமான சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியும் ரேடியேட்டரின் நூல் போன்ற குழாய்களிலும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். காய்ச்சி ஆறவைத்தாலும் உப்பு போகாது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு, ஆனால் இல்லாமலில்லை. சுவைக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கும்படிதான் பல வீட்டு மெஷின்களை அமைத்திருப்பார்கள். பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் 5 லிட்டர் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே சரி. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். பேட்டரி ஆசிடும் அதே மாதிரிக் கேனில்தான் வரும்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் கம்பெனிகள் சேர்க்கும் சாயம். உள்ளே இருக்கும் துரு தடுக்கும் மருந்துதான் ரகத்தைத் தீர்மானிக்கிறது. பழைய சிலிகேட் வகை சுமார் 2 வருடம் தாங்கும். ஆர்கானிக் அமில வகை 5 வருடம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் ஆயுள் குறையும், சில கலவைகள் கூழாகி அடைக்கவும் செய்யும். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாத பழைய வண்டியாக இருந்தால் மேலே ஊற்றிக் கலக்காமல் முழுதாக மாற்றிவிடுவது உத்தமம்.

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும்: அப்படியே ஊற்றும் ரெடி மிக்ஸ், தண்ணீர் கலக்க வேண்டிய கான்சன்ட்ரேட். எத்தனை பங்கு தண்ணீர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேனிலேயே போட்டிருப்பார்கள். தண்ணீரே கலக்காமல் ஊற்றினால் இன்னும் குளிர்ச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு. கூலன்டின் அடிப்படைத் திரவமான கிளைக்கால், சூட்டை ஏந்திச் செல்வதில் தண்ணீரை விட மோசம். கிளைக்கால் துருவைத் தடுக்கும் மருந்தோடு வருகிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. சூட்டைச் சுமப்பது தண்ணீர்தான். பாதிக்குப் பாதி கலவை எல்லா ஊருக்கும் சரியாக வரும்.

மூடியின் வேலை

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடி என்று நினைத்துத் தொலைந்தால் ஏதோ ஒன்றை வாங்கிப் போடுவார்கள். அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும். அத்தனை பார் அழுத்தம் வரை அது பிடித்துவைக்கும். 0.9 பாரில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் தளர்ந்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் 100 டிகிரியிலேயே கொதி. ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும், அதாவது என்ஜின் வழக்கமாக ஓடும் சூட்டிலேயே. மலையேறி முடித்ததும் "ஹீட் ஆகுது" என்று நிற்கும் கார்களில் சில, ஒரு மூடியால் நின்றவை.

ரப்பர் வாஷரில் வெடிப்பு, தழும்பு, உள்ளே வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை அமுக்கினால் திடமாக எதிர்க்க வேண்டும். நடுவில் இருக்கும் சிறு வால்வை நகத்தால் இழுத்து விட்டால் சட்டென்று மூட வேண்டும். வண்டி ஆறியபின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் அந்தச் சிறு வால்வு அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். மாற்றும்போது அதே எண்ணுள்ள மூடியையே போடுங்கள். அதிக எண் போட்டால் பாதுகாப்பு அதிகமாகாது, பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

ஒழுகும் இடம்

இரவில் வண்டிக்கு அடியில் அட்டையோ பழைய செய்தித்தாளோ விரித்துவையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது சுத்தமான தண்ணீர், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கூலன்ட் நிறத்தோடு இருக்கும், விரலில் வழவழப்பாகத் தெரியும். காய்ந்தால் வெள்ளையாகவோ அதன் சாய நிறத்திலோ பொருக்கு விடும். டார்ச் அடித்துத் தேட வேண்டியது அந்தப் பொருக்கைத்தான்.

ஹோஸ் முனைகளில் கிளிப்புக்குக் கீழே பாருங்கள். இன்றைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், மேலும் கீழும் அல்லது இருபுறமும் பிளாஸ்டிக் தொட்டி. இரண்டும் சேரும் மடிப்பில் கசியும். அதை ஈயம் வைத்து அடைக்க முடியாது. பசை பூசி ஊர் வந்து சேரலாம், பிறகு மாற்றத்தான் வேண்டும். மெக்கானிக்குகள் "வாட்டர் பாடி" என்று சொல்லும் வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கிருந்து ஒழுகிய தடம் தெரிந்தால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைக்காதீர்கள், பம்பை மாற்றுங்கள். முன் சீட்டின் கால்மிதிக்கு அடியில் கார்ப்பெட் ஈரம், உள்ளே இனிப்பான வாசனை, கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் பசை போன்ற ஆவி: இவை இருந்தால், சூடான கூலன்ட் ஓடிக் கேபினுக்குச் சூடு தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில், முழுதாகக் குளிர்ந்த என்ஜினில், மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிடம் கழுத்தைக் கவனியுங்கள். நிற்காமல் குமிழி வந்தால் சிலிண்டரின் புகை கூலன்டுக்குள் வருகிறது. சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் நிறம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும். ஆயில் மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்நுரை இருந்தால் பதற வேண்டாம். குளிர் ஊரில் பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் அது வெறும் ஈரம்தான்.

ஒழுகலுக்கு மஞ்சள் தூளோ, "லீக் ஸ்டாப்" பவுடரோ போடுவதை மட்டும் செய்யாதீர்கள். ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டர் குழாயையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும். எது ஓட்டை, எது வழி என்று அதற்குத் தெரியாது.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடை

சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓடத் தொடங்கியதும் இறங்குகிறது என்றால் ஃபேன். ஏசியைப் போடுங்கள், சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்ச்). அதே அளவுள்ள ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அப்புறம்தான் மோட்டார்.

ஊருக்குள் சரியாக இருக்கிறது, 100 கிலோமீட்டர் வேகத்திலோ ஏற்றத்திலோ சூடாகிறது என்றால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை: உள்ளே அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சும்போது சப்பையாகும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஃபேனும் கூலன்ட் ஓட்டமும் சேர்ந்து சோதிக்கப்படும். என்ஜின் முழுச் சுமையில் இருக்கும், வண்டி மெதுவாகப் போவதால் எதிர்க்காற்றும் இருக்காது.

முள் திடீரென்று ஏறி இறங்குகிறது, ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது என்றால் கூலன்ட் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. முள் நடுவுக்கு வரவே மாட்டேன் என்கிறது, மைலேஜும் விழுந்துவிட்டது என்றால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்தபடியே மாட்டியிருக்கிறது, அல்லது யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

முள்ளை ரொம்பவும் நம்பாதீர்கள். பல கார்களில் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். நகரத் தொடங்கும்போது நேரம் கடந்திருக்கும். சில புதிய கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் சிறிய ஓபிடி ஸ்கேனர் போனில் உண்மையான டிகிரியைக் காட்டும். பழைய வண்டி வைத்திருப்பவர் வாங்கிவைத்துக்கொள்ளலாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியலாமா

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இல்லாத என்ஜின் சீக்கிரம் சூடேறாது. கம்ப்யூட்டர் குளிர் என்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும். ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும். இன்னும் மோசம், சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் அதன் மறுமுனை குறுக்குவழியை மூடும். கழற்றிவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி, ஏற்றத்தில் இன்னும் சூடாகும்.

எறிவதற்கு முன் சோதியுங்கள். சமையலுக்கு இனி வேண்டாத பாத்திரம் ஒன்று, 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், தையல் நூல். தெர்மோஸ்டாட்டின் வால்வை விரலால் கொஞ்சம் திறந்து இடுக்கில் நூலை வைத்து மூடிவிடுங்கள். நூலில் அது தொங்கும். பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மிதமாக வையுங்கள். அதன் மேல் 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டி உள்ளே மெழுகு உருகி வால்வு விலகும், நூல் நழுவி "டொக்" என்று விழும். அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே காட்டினால் பரவாயில்லை. தண்ணீர் கொதிக்கும்போது வால்வு சுமார் 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும்; வெளியே எடுத்தால் ஆறியபடி முழுதாக மூட வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் என்ஜின் பக்கம், ஆடும் சிறு ஊசி மேல்பக்கம் வரும்படி வையுங்கள். காற்று அந்த ஊசித் துளை வழியாகத்தான் வெளியேறும். ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும்.

ஹோஸ்களைக் குளிர்ந்த நிலையில் அமுக்கிப் பாருங்கள். முறுக்குப் போல நொறுங்கும் உணர்வு, உப்பல், எலிக்கடி எது இருந்தாலும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கழுத்து உடையும். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ்தானே, நீளவாக்கில் கீறிக் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டர் முகத்தில் ஒட்டிய பூச்சி, தூசி, வைக்கோல் துகளை என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன் வேண்டாம், மெல்லிய தகடுகளான ஃபின் எல்லாம் படுத்துவிடும்.

முழுதாக மாற்றுவது

முந்தைய இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். அகலமான பேசின், அளவு போட்ட பக்கெட், புனல், டிஸ்டில்டு வாட்டர் 10 முதல் 15 லிட்டர், கூலன்ட் ஆகியவை வேண்டும். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைக் கையால் மெல்லத் திறங்கள். பழைய பிளாஸ்டிக், பிளேயரைப் போட்டால் உடையும். திருகு இல்லாத வண்டியில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். பாட்டிலையும் கழற்றிக் கவிழ்த்துக் கழுவுங்கள், சேறு அங்கேதான் தங்கும். வெளியே வந்தது எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

திருகை மூடி, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடான பிறகு 10 நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். முழுதாக ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை. ஆறவைக்கும் நேரத்தால் இதற்கே ஒரு நாள் போய்விடும்.

இப்போது பலர் தவறவிடும் கணக்கு. வடித்தாலும் என்ஜினுக்குள் கணிசமாகத் தண்ணீர் தங்கிவிடும். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர், வெளியே வந்தது 3 லிட்டர் என்றால் 2 லிட்டர் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. மேலே பாதிக்குப் பாதி கலந்த ரெடி மிக்ஸ் 3 லிட்டர் ஊற்றினால் அதில் கூலன்ட் ஒன்றரை லிட்டர்தான். மொத்தத்தில் 30 சதவீதம். பாதிக்குப் பாதி வேண்டுமென்றால் கான்சன்ட்ரேட் வாங்கி, அதில் இரண்டரை லிட்டரும் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றுங்கள். கொள்ளளவு கையேட்டில் இருக்கும்.

ஊற்றுவது அவசரமில்லாத வேலை. வண்டியின் மூக்கு கொஞ்சம் உயரும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காற்று வெளியேறும் திருகு இருந்தால் திறந்துவையுங்கள், குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். மெல்ல ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். கழுத்தில் காற்று கொப்பளித்து வரும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து, ஏசி போடாமல் ஐடிலில் விடுங்கள். 10, 15 நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும், மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். கழுத்தில் பொங்கி வர ஆரம்பித்தால் மூடியைப் போட்டுவிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் பாட்டில் வகையில் மேல்கோடு வரை நிரப்பி மூடியபிறகே ஓடவிடுவது வழக்கம். ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும்வரை, ஹீட்டரில் சூடு விட்டுவிட்டு வராமல் சீராக வரும்வரை காத்திருங்கள்.

வெளியே எடுத்த அளவும் உள்ளே போன அளவும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். 3 லிட்டர் வந்து 2.2 லிட்டர்தான் போயிருக்கிறது என்றால் மீதி இடத்தில் காற்று இருக்கிறது; அதுதான் ஏர் லாக். அந்த நிலையில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். மறுநாள் காலை குளிர்ந்த பிறகு மட்டம் பார்த்து நிரப்புங்கள், பக்கத்தில் ஒரு சுற்று போய் வந்து அடுத்த நாளும் பாருங்கள்.

வழியில் கொதித்தால்

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஊதும் வேகத்தை அதிகபட்சத்திலும் வையுங்கள், அருகிலேயே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். கொதிக்கும் என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிடும். நன்றாக ஆறியபின், வேறு வழி இல்லையென்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், கொஞ்சம் கொஞ்சமாக. ஊர் வந்ததும் அதை வடித்து, மேலே சொன்னபடி கழுவி நிரப்புங்கள். ஊற்றிய வேகத்திலேயே வெளியே போகிறது என்றால் ஓட்டாதீர்கள், டோ வண்டி செலவுதான் மலிவு.

வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையிலோ செடியடியிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும், கொஞ்சமே போதும். பேசினைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். தரையில் சிந்தியதை மணலைப் போட்டு ஒற்றியெடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீதியைக் கேனில் ஊற்றி, "விஷம்" என்று எழுதி ஒட்டி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த தடவை சர்வீஸ் போகும்போது பழைய ஆயிலைச் சேகரிக்கும் வொர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.